மான் வயிற்றில் விழுந்த நிழல்

பிரபு,

'அன்புள்ள'ன்னு ஆரம்பிக்கக் கை வரலை. அதனால பேரோட நிறுத்திக்கிறேன். வர்ற வெள்ளிக்கிழமை என் பழைய ஸ்கூல்ல உனக்குப் பாராட்டு விழா. முப்பத்துமூணு வருஷம் நான் டிராயிங் மாஸ்டரா சாக்பீஸ் தூள் தின்ன ஸ்கூல், நீயும் படிச்ச ஸ்கூல். ஹெட்மிஸ்ட்ரஸ் நேத்து போன் பண்ணாங்க. "சார், உங்க பையனுக்கு உங்க கையாலயே பொன்னாடை போர்த்திட்டா எவ்ளோ நல்லா இருக்கும்!"னாங்க. யோசிச்சுச் சொல்றேம்மான்னு வெச்சுட்டேன். பெத்த பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்த எந்த அப்பனாவது யோசிப்பானா? நான் யோசிக்கிறேன். நீ மூணு தடவை கூப்பிட்டும் நான் போனை எடுக்கலை. "அப்பாவுக்கு இன்னா கோவம்?"னு அம்மாகிட்ட ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி கேட்டியாம். போன்ல பேசினா நான் கத்திடுவேன், நீ கட் பண்ணிடுவே. அதான் எழுதறேன். இதை யார் எடுத்துப் படிச்சாலும் எனக்குக் கவலை இல்லை. மறைச்சு வெச்சுக்க என்கிட்ட இனிமே ஒண்ணும் கிடையாது.

போன ஞாயித்துக்கிழமை தி.நகர்ல உன் புத்தக வெளியீட்டுக்கு எப்படி வந்தேன்னு உனக்குத் தெரியணும். நீ பொங்கலுக்கு எடுத்துக் குடுத்த சட்டையைக் காலையிலேயே அயர்ன் பண்ணி மாட்டி வெச்சாச்சு. மந்தைவெளியில ஆட்டோ ஏறும்போதே டிரைவர்கிட்ட, "பையன் புக்கு போட்டிருக்கான்பா, குழந்தைங்களுக்கு"ன்னு நானா வலியப் போய்ச் சொன்னேன். உங்கம்மா என் தொடையில இடிச்சா. ஹால்ல மூணாவது வரிசை. பக்கத்து சீட்டுக்காரர் யாருன்னே தெரியாது, அவர்கிட்டயும், "மேடையில இருக்கறது என் பையன்"னேன். மிருகங்க உடம்புல கருப்பும் வெளுப்பும் எப்படி ஒளிஞ்சுக்க உதவுதுங்கறதுதான் புத்தகம்னு நீ பேச ஆரம்பிச்சப்போ, அடடே, நம்ம விஷயமாச்சேன்னு குஷியா நிமிர்ந்து உக்காந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வெச்சிருந்து திடீர்னு காட்டப் போறான்னு நெனைச்சேன். பைத்தியக்காரன் நான்.

திரையில முதல் படம் வந்துச்சு. கானாங்கெளுத்தி மீன். முதுகு கரும்பச்சை, வயிறு வெள்ளி. வாலை லேசா இடது பக்கம் வளைச்சிருந்தது. எந்த மீனும் அப்படி வாலை வளைச்சுப் படுத்திருக்காது பிரபு. நம்ம வீட்டு அலுமினியத் தட்டு சின்னது, மீன் அதுல அடங்கலை, அதனால வால் வளைஞ்சுது. அதைத்தான் நான் வரைஞ்சேன். அடுத்தது பென்குயின். அடுத்தது சுறா. ஒண்ணு மாத்தி ஒண்ணு, ரிட்டயர் ஆனப்புறம் நான் வரைஞ்சு வெச்ச நோட்டு அப்படியே திரையில ஓடுது. கோட்டை மட்டும் கம்ப்யூட்டர்ல வழவழன்னு இழுத்திருக்கே, கலரைக் கொஞ்சம் தூக்கியிருக்கே. அட்டையில பார்த்தா, 'எழுத்தும் ஓவியமும்' உன் பேரு. உள்ள திருப்பினேன். நன்றின்னு ஒரு பக்கம், அதுல யார் யாரோ இருக்காங்க. என் பேரு எங்கயுமே இல்லை. அச்சுக்கூடத்துக்காரருக்குக் கூட நன்றி சொல்லியிருக்கேடா.

இந்த நோட்டு எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியாததா? தெரிஞ்சும்தானே பண்ணே. இருந்தாலும் சொல்றேன், கேளு. ரிட்டயர் ஆன புதுசு. பட்டினப்பாக்கத்துலேர்ந்து உங்கம்மா மீன் வாங்கியாந்து, அலசித் தட்டுல வெச்சிருந்தா. சும்மா பார்த்துக்கினு இருந்தேன். சட்டுன்னு உறைச்சுது. முப்பத்துமூணு வருஷமா பிள்ளைங்களுக்கு நான் கத்துக் குடுத்தது ஒரே பாடம்தான்: மேல வெளிச்சம், கீழ நிழல். அப்படித் தீட்டினாத்தான் ஒரு பந்து பந்தா தெரியும், இல்லேன்னா வட்டமாத்தான் தெரியும். இந்த மீன் அதைத் தலைகீழாத் தீட்டிக்கினு வந்திருக்கு! வெயில் படற முதுகுல கருப்பு, நிழல் விழற வயித்துல வெளுப்பு. வெயிலும் நிறமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுப் போட்டுடுது, உருண்டை உடம்பு தட்டையாப் போயிடுது. மேலேர்ந்து பாக்கற பறவைக்கு இருட்டுக் கடலோட கலந்துடுது, கீழேர்ந்து பாக்கற சுறாவுக்கு வெளிச்சமான வானத்தோட கலந்துடுது. நான் காட்டிக் குடுக்கக் கத்துக் குடுத்ததை அது மறைச்சுக்கப் பயன்படுத்துது. அப்புறம் லைப்ரரியில தேடிப் படிச்சப்போ, இதெல்லாம் எப்பவோ எழுதிவெச்ச சமாசாரம்னு தெரிஞ்சுது. அதை எடுத்துச் சொன்னவங்கள்ல ஓவியரும் உண்டுன்னு படிச்சதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, உங்கம்மாவுக்குப் புரியலை. உனக்குப் புரிஞ்சுது. நீதான், "சூப்பர்ப்பா, விடாதீங்க, வரைங்க"ன்னே.

நாலு வருஷம் வரைஞ்சேன். கிண்டி பார்க் வேலியோரம் நின்னு மான் பார்த்தேன். கிளைக்கு அடியில தலைகீழாத் தொங்கியே வாழற புழு இருக்கு பாரு, அதுக்கு நிறமும் தலைகீழ். வயிறு கருப்பு, முதுகு வெளுப்பு. அதை நிமிர்த்தி வெச்சா அந்த நிமிஷமே கண்ணுல பட்டுடும், காக்கா கொத்திடும். இது எனக்கு எவ்ளோ ஆச்சரியமா இருந்துச்சுன்னா ரெண்டு நாள் சோறே சரியா எறங்கலை. உருளைக்கிழங்கு விஷயம் ஞாபகம் இருக்கா? ரெண்டு கிழங்குக்குப் பெயிண்ட் அடிச்சேன். ஒண்ணு பூரா ஒரே பழுப்பு. இன்னொண்ணு மேல கரும்பழுப்பு, கீழ வரவர வெளுப்பு. மொட்டை மாடியில ஒரு பழுப்புப் போர்வையைக் கட்டி, முன்னாடி ரெண்டையும் நூல்ல தொங்கவிட்டேன். பத்தடி தள்ளி நின்னா முதல் கிழங்கு பளிச்சுன்னு தெரியுது, ரெண்டாவது காணாமப் போச்சு. உங்கம்மா வந்து, "சாம்பாருக்கு வெச்ச கிழங்கைக் காணோம்னு தேடிக்கினு இருக்கேன், நீங்க தூக்குல போட்டு வெச்சிருக்கீங்களே!"ன்னா. அன்னைக்கு நாம மூணு பேரும் சிரிச்ச சிரிப்புல கீழ் வீட்டுக்காரரே மேல ஏறி வந்துட்டார்.

அதே உருளைக்கிழங்கை ஞாயித்துக்கிழமை மேடையில எடுத்தே. விளக்கைப் போட்டு, நூலைத் தூக்கிப் பிடிச்சு, "ஒருநாள் எங்க வீட்டுக் கிச்சன்ல நின்னப்போ எனக்கு இந்த ஐடியா தோணுச்சு"ன்னு சிரிச்சே. ஜனங்க கை தட்டினாங்க. நானும் தட்டினேன், தெரியுமா? கை தானாத் தட்டுச்சு. "சின்ன வயசுலேர்ந்தே கிண்டி மானை உத்து உத்துப் பார்ப்பேன், எல்லாமே நானா கவனிச்சது"ன்னு வேற ஒரு போடு போட்டே. அந்தக் கிழங்கையாவது விட்டு வெச்சிருக்கலாமேடா.

அப்போதான் மான் படம் வந்துச்சு. முன் வரிசையில ரெட்டை ஜடை போட்ட ஒரு பொண்ணு எழுந்து, "அங்கிள், மான் வயிறு வெள்ளைன்னு எழுதியிருக்கு. படத்துல கீழ கருப்பா இருக்கே?"ன்னு கேட்டுது. நீ படத்தைப் பார்த்தே, புத்தகத்தைப் பார்த்தே. முகம் வெளுத்துச்சு. அந்தக் கருப்பு என்னான்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நோட்டுல மானை வரையும்போது பழக்க தோஷத்துல என் கை தானாப் போயி வயித்துக்கு அடியில நிழல் போட்டுடுச்சு. எதை மறைக்கறதுக்காக அந்த வயிறு வெளுப்பா இருக்கோ, அதையே டிராயிங் மாஸ்டர் புத்தி கொண்டுபோயி அங்க தீட்டிடுச்சு. மான் உருண்டையா, அழகா, அடிபட்டுச் சாகறதுக்குத் தயாரா நிக்குது. வரைஞ்சு முடிச்சப்புறம்தான் கவனிச்சேன். கிழிக்க மனசு வரலை, பின்பக்கம் 'தப்பு'ன்னு எழுதி வெச்சேன். நீ பின்பக்கத்தைத் திருப்பியே பார்க்கலை. அந்தக் குழந்தைகிட்ட இன்னா சொன்னே? "அது பிரிண்டிங் மிஸ்டேக்மா." என் படத்தை எடுத்துக்கிட்டே, சரி. என் கிழங்கை எடுத்துக்கிட்டே, சரி. என் தப்பைக்கூட எனக்குன்னு விட்டு வெக்காம அச்சுக்கூடத்துக்காரன் தலையில கட்டிட்டியே!

முடிஞ்சதும் கீழ எறங்கி வந்து, "எப்படிப்பா இருந்துச்சு?"ன்னே. என் கண்ணைப் பார்க்காம என் சட்டை பட்டனைப் பார்த்துக் கேட்டே. "நல்லா இருந்துச்சு"ன்னேன். போட்டோவுக்கு நின்னேன். திரும்பி வர்றப்போ ஆட்டோவுல உங்கம்மாகிட்ட, "நோட்டு அவன்கிட்ட எப்படிப் போச்சு?"ன்னேன். அவ வெளிய பார்த்துக்கினே, "நான்தான் குடுத்தேன். பையன் கேட்டான், குடுத்தேன். ஊரான் பிள்ளைக்கா குடுத்தேன்?"ன்னா. "பேரு போடலையே செல்வி"ன்னேன். "போட்டா இன்னா, போடலேன்னா இன்னா? உங்க பேருதானே அவன் இனிஷியல்ல இருக்கு"ன்னா. ஒத்தை எழுத்துக்கு நான் திருப்திப்படணுமாம். எனக்கு வந்த கோவத்துல லஸ் சிக்னல்லயே எறங்கி நடக்க ஆரம்பிச்சுட்டேன். அவ ஆட்டோக்காரர்கிட்ட, "அவரு பக்கத்துலயே மெதுவா ஓட்டுப்பா"ன்னா. அவர் என்னைப் பார்த்து, "ஏறு நைனா, வூட்டுச் சண்டைய ரோட்டுல வெச்சிக்கினு"ன்னார். ஏறினேன். வேற இன்னா பண்றது, முட்டி வலி.

வரைஞ்சு முடிச்சு நான் பரண்ல வெச்ச நோட்டை அவ உன்கிட்ட குடுத்து எட்டு மாசம் ஆச்சாம். எட்டு மாசமும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அடையாறுலேர்ந்து வந்து என் எதிர்ல உக்காந்து மீன் கொழம்பு சாப்பிட்டிருக்கே. "புக்கு எப்படிடா போவுது?"ன்னா "போயிக்கினு இருக்குப்பா"ம்பே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், என் தட்டுச் சோத்துலயே மறைப்பேன்னு நெனைக்கலை. துரோகம்னா பெரிய வார்த்தைதான். வேற வார்த்தை எனக்குத் தெரியலை. எவனோ எடுத்திருந்தா சண்டை போட்டிருப்பேன், நாலு பேர்கிட்ட பொலம்பியிருப்பேன். நீ எடுத்ததால யார்கிட்டயும் சொல்ல முடியலை. சொன்னா அசிங்கம் எனக்கு. அதை நம்பித்தானே பண்ணே?

"அப்பா கூச்ச சுபாவம், கூட்டம்னா பிடிக்காது, பேரு போட்டா சங்கடப்படுவார்"னு அம்மாகிட்ட அப்பவே சொல்லி வெச்சிருக்கே. ரொம்ப நல்லாயிருக்கு! எனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காதுன்னு என்னைக் கேட்டியா? கேட்டிருந்தா நானே, "உன் பேருல போட்டுக்கோடா"ன்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். பெத்த மனம் பித்துதானே. நீ கேக்கலை, அதான் நெஞ்சை அறுக்குது. நாலு வருஷம் மிருகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு உண்டு. மான் மறையுதுன்னா புலிக்குப் பயந்து மறையுது. மீன் மறையுதுன்னா சுறாவுக்குப் பயந்து மறையுது. சுறாவும் மறையுது, பசிக்காக. எதுவும் தன் கூட்டத்துகிட்டேயிருந்து ஒளியறதுக்கு வயித்தை வெளுப்பாக்கிக்கலை. நான் உனக்குப் புலியாடா? என்னைப் பார்த்தா உனக்கு அவ்ளோ பயமா?

இதைக் கோவமாத்தான் எழுதினேன். எழுதி ஒரு நாள் நிறுத்தி வெச்சேன். உங்கம்மா உன் வீட்டுலேர்ந்து நோட்டைத் திருப்பிக் கொண்டாந்து மேசையில வெச்சிருந்தா. மான் பக்கத்தை எடுத்து, பின்னாடி திருப்பி, என் கையெழுத்துல 'தப்பு'ங்கறதைப் பார்த்தேன். அப்போ இன்னொரு மான் ஞாபகத்துக்கு வந்துச்சு. நீ ஆறாவது படிச்சப்போ, ஸ்கூல்ல ஓவியப் போட்டி. வீட்டுல வரைஞ்சு கொண்டாரச் சொல்லியிருந்தாங்க. கிண்டியில பார்த்த மானை வரைஞ்சிருந்தே. வயித்தை வெள்ளையா விட்டிருந்தே. புல்லுக்கு நடுவுல மான் இருக்கா இல்லையான்னே தெரியலை. "இன்னாடா இது, தோசை மாதிரி தட்டையா இருக்கு"ன்னேன். நீ, "மான் நெஜமாவே அப்படித்தான் இருந்துச்சுப்பா"ன்னே. நான் கேக்கலை. நீ குளிக்கப் போன நேரத்துல பிரஷ்ஷை எடுத்து வயித்துக்கு அடியில நிழல் போட்டேன். கழுத்துக்குப் போட்டேன், காலுக்குப் போட்டேன். மான் எழுந்து நின்னுச்சு. நீ தலை துவட்டிக்கினே வந்து பார்த்து, "இது என் மான் இல்லப்பா"ன்னு அழுதே.

உனக்குத்தான் முதல் பரிசு. தீர்ப்பு சொன்னவர், "இந்த நிழல் இருக்கே, பிரமாதம்"னார். மேடை ஏறறதுக்கு முன்னாடி நீ என்னைப் பார்த்தே. நான் உன் தோளை அழுத்திப் பிடிச்சு, "பேசாம போய் வாங்கிக்கோ. யார் கேட்டாலும் நான்தான் வரைஞ்சேன்னு சொல்லு"ன்னேன். சொன்னே. கோப்பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கினு என் முகத்தைப் பார்க்காம என் சட்டையைப் பார்த்தபடி எறங்கி வந்தே. அப்புறம் நீ எனக்கு எந்தப் படத்தையும் காட்டலை. விளையாட்டுப் புத்தி வந்துடுச்சுன்னு நெனைச்சேன். ஞாயித்துக்கிழமை நீ, "சின்ன வயசுலேர்ந்தே மானை உத்துப் பார்ப்பேன்"னு சொன்னப்போ, பொய்யின்னு பல்லைக் கடிச்சேன். அது ஒண்ணு மட்டும் பொய்யில்லை. எனக்கு மீன் தட்டுல அறுபது வயசுக்கு மேல தெரிஞ்சதை நீ பதினோரு வயசுல பார்த்துட்டே. நான்தான் அதுமேல நிழலைப் பூசி, வாயையும் மூடச் சொன்னேன். விரை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்?

அதுக்காக நீ பண்ணினது சரின்னு ஆயிடாது. ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சுன்னு நெனைக்காதே, நான் அவ்ளோ நல்லவன் இல்லை. நீ பதினோரு வயசு, நான் சொன்னதைச் செஞ்சே. இப்போ உனக்கு முப்பத்தஞ்சு. யாரும் உன் தோளைப் பிடிச்சு அழுத்தலை. எனக்கு இன்னும் எரியுது, இன்னும் கொஞ்ச நாள் எரியும். ஒண்ணு மட்டும் சொல்லி வெக்கிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பொறந்து, ஏதோ ஒண்ணைக் கோணல்மாணலா கிறுக்கி எடுத்துக்கினு வந்தா, அதைத் தொடாதே. நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு சொல்லு, அழட்டும். உன் பிரஷ்ஷைக் கீழ வெச்சுடு.

வெள்ளிக்கிழமை நான் வரேன். ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் காலையில போன் பண்ணிச் சொல்லிட்டேன். பொன்னாடைக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் எனக்கு மைக் வேணும்னு கேட்டேன். "தாராளமா சார், பையனைப் பத்திச் சொல்லுங்க"ன்னாங்க. பயப்படாதே, நோட்டு கதையை நான் எடுக்க மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. நான் என் கதையைச் சொல்லப் போறேன். இதே மேடையில ஒரு சின்னப் பையன் கண்ணால கண்டு வரைஞ்ச மானை, இந்த ஸ்கூல் டிராயிங் மாஸ்டரே திருட்டுத்தனமா மாத்தி, பரிசு வாங்க வெச்சு, வாயைத் தொறக்காதேன்னு மெரட்டினான். அந்த மாஸ்டர் நான்தான், அந்தப் பையன் இவன்தான்னு சொல்வேன். என்கிட்ட படிச்சவங்க அங்க டீச்சரா உக்காந்திருப்பாங்க. அவங்க எதிர்ல சொல்ல எனக்கு உடம்பு கூசும். கூசட்டும். சொல்லிட்டு மைக்கை உன் கையில குடுப்பேன். நீ பேசி முடிக்கற வரைக்கும் பொன்னாடை என் கையில மடிச்சபடியேதான் இருக்கும்.

அப்பா